பால் சொசைட்டிச் சுவரில் குடியேறியவர்கள்

தை பிறந்து பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், சேந்தங்குறிச்சி பால் சொசைட்டிச் சுவரில் ஒரு படம் காட்டினார்கள். படம் முடிந்தது, காட்ட வந்த மூன்று பேரும் மிஷினை அணைத்து வயரைச் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், படம் மட்டும் போகவில்லை.

அந்தப் படம் அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் சொசைட்டிச் செயலாளர் பால்துரை அண்ணாச்சி. அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. 'பால்புதுமையினரின் வரலாற்றையும் வாழ்வையும் கொண்டாடும் ஆவணப்படத்தைத் தங்கள் ஊரில் திரையிட விரும்புகிறோம்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பாலோடே எழுந்து பாலோடே படுக்கிறவர், பேரிலேயே பாலை வைத்திருக்கிறவர், அந்தச் சொல்லைப் பார்த்ததும் வேறு என்னத்தை நினைப்பார்? பாலில் என்னவோ புதுமை பண்ணின ஆட்களைப் பற்றிய படம், நம்ம சொசைட்டிக்கு வராமல் வேறெங்கே போகும் என்று உடனே சரி எழுதிப் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, பால் ஊற்றுகிற எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தாகவேண்டும், சுண்டல் உண்டு என்று மைக்கிலும் சொல்லிவிட்டார்.

படத்தில் மாடே வரவில்லை.

தூத்துக்குடிப் பக்கம் ஒரே கத்தரிக்கோலை வைத்து முப்பது வருஷமாகத் தையல்கடை நடத்தி, ஒரே வீட்டில் குடித்தனமும் நடத்துகிற இரண்டு பெண்கள் வந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு மில்லின் வரிசை வீட்டில், கண் மங்கிப்போன கிழவருக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுகிற இன்னொரு கிழவர் வந்தார், நாங்கள் சேர்ந்து நாற்பத்தாறு வருஷம் ஆகிறது என்றார். சென்னையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிற ராஜாத்தியம்மா என்ற திருநங்கை வந்தாள், வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் யார் வந்து நின்றாலும் முதலில் சோறு, பேரெல்லாம் பிறகுதான் என்றாள். நடுவில் முடியைக் குட்டையாக வெட்டின ஒரு பெண், "பால்னா ஆண்பால், பெண்பால். அதுக்குள்ள அடங்காதவங்களும் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்கோம்" என்று சிரித்தபடி சொன்னபோதுதான் பால்துரை அண்ணாச்சிக்கு விஷயம் புரிந்தது.

"இது இலக்கணப் பாலால்லா இருக்கு," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

"எந்தப் பாலா இருந்தா என்ன வே, சுண்டல் எப்ப?" என்றார் அவர்.

யாரும் எழுந்து போகவில்லை. ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி கோமதி. மகள் வடிவும் மகளின் ஒன்றரை வயதுக் குழந்தை நிவிதாவும் பக்கத்தில் இருக்க, சம்மணம் போட்டு ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாத்தியம்மாவின் மெஸ்ஸில் ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, கண் எரிந்து, மணிக்கட்டால் மூக்கை மேல்நோக்கி ஒரு தேய் தேய்த்தாள். அவ்வளவுதான். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மூக்கை அப்படித் தேய்க்கும், அது வடிவோடு ஒரே வயிற்றில் பிறந்து, பதினேழு வயதில், பன்னிரண்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு ஊரைவிட்டுப் போய், பதினோரு வருஷம் ஆன ஆள். வடிவு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கோமதி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

மறுநாள் காலை பால் ஊற்றப் போனவர்கள் பார்த்தபோது சுவரில் ராஜாத்தியம்மா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"கரண்டு?"

"அது நாலு மணிக்கே போச்சு."

"அப்ப சரி, பில்லு வராது," என்று பாலை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

படம் என்னவோ எழுபது நிமிஷப் படம்தான். அது தீர்ந்துபோன பிறகு என்ன செய்வது என்று படத்தில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆகவே அவர்கள் பேட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள், சோறு வடித்தார்கள், துணி காயப்போட்டார்கள், பல் வலி வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏறப் படம் வெளுத்து, துவைத்த சேலைப் பூவைப்போல இருக்கும். சொசைட்டி வேம்பின் நிழல் சுவரில் விழும்போது தெளிந்துவிடும். ஊரும் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. ராஜாத்தியம்மா உலை வைக்கும்போது இங்கே உலை வைத்தார்கள். தையல்கடைக்காரிகள் ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும் நேரமாகப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் துணியோடும் சாக்குக்கட்டியோடும் வந்து உட்கார்ந்து, அதைப் பார்த்து அதேபோல வெட்டி, மாசி முடிவதற்குள் ஊரில் எல்லார் முதுகிலும் தூத்துக்குடிக் கழுத்து வந்துவிட்டது. கோயம்புத்தூர்க் கிழவர் சத்தமாகப் பேப்பர் வாசிப்பதால் டீக்கடையில் பேப்பர் வாங்குவதை நிறுத்தினார்கள், பிறகு கோயம்புத்தூர்ச் செய்தியாகவே வருகிறது, நம்மூர்ப் பக்கத்து மழை நிலவரம் தெரியவில்லை என்று திரும்பவும் வாங்கினார்கள்.

கேலி பேசினவர்களும் உண்டு. ஆனால் ஒருவர் காலையில் கொட்டாவி விடுவதையும், சாயங்காலம் காலை நீட்டிப்போட்டு முழங்காலைப் பிடித்துக்கொள்வதையும் நாள் தவறாமல் பார்த்த பிறகு, அவரைக் கேலி பண்ணுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவேண்டியிருந்தது. ஊரில் அறுவடை நேரம். யாருக்கும் நேரம் இல்லை.

மாசி மாதம் கூட்டம் கூடியது. சுவருக்குப் பின்பக்கத்திலிருந்து வருகிறவர்களைப்போல, ஒருவர் இருவராகப் புதிய ஆட்கள் படத்துக்குள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது நடுத்தெருச் சுப்பையாத் தாத்தா. கிணறு வெட்ட வந்த கூட்டாளியோடு ஒரே குடிசையில் சாகும்வரை இருந்தவர், அவருடைய போட்டோகூட வீட்டில் கிடையாது, இங்கே கூட்டாளியின் தோளில் கைபோட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றார். பிறகு, ரொம்ப காலத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமல் போன மைலியும் அவள் சிநேகிதி தங்கப்பழமும் வந்தார்கள், ஏதோ ஒரு துறைமுகத்தில் புட்டு அவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப்போயிட்டாங்கன்னுல்லா சொன்னீங்க?"

"சாகல. சதை போட்டிருக்கு," என்றாள் மைலியின் தம்பி பெண்டாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதன்பிறகு ஊருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, அந்தா அது எங்க வீட்டு ஆளு, காதைப் பாரு, எங்க வீட்டுக் காது என்று காட்டுவது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் இருந்தார்கள். சில வீட்டுக்கு இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். ஆள் இல்லாத வீடு ஊரிலேயே ஒன்றுதான், அது வடிவின் மாமியார் ஆவுடையம்மாள் வீடு. முதல் பத்து நாள் ஆவுடையம்மாள், "எங்க வகையில அப்படி யாரும் கெடையாதும்மா" என்று பெருமையாகச் சொன்னாள். பிறகு அதையே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பிறகு காலையில் சீக்கிரமாகவே வந்து, யாராவது புதிதாக வந்திருக்கிறார்களா என்று சுவரின் ஓரங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போக ஆரம்பித்தாள்.

வடிவுக்கு இந்தப் பெருமையும் பொறாமையும் எதுவும் வேண்டாம், அவளுக்கு வேண்டியது ஒரு மடி. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் நிவிதாவுக்குக் காது குத்துவதாகப் பேசி வைத்திருந்தார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும், அந்த மடிக்கு உரிய ஆள் சுவரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரன் சங்கிலி நல்லவன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், உன் கூடப் பிறந்தது வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனா எங்கம்மாகிட்ட நீயே பேசிக்கோ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆவுடையம்மாளோ தூரத்து உறவில் மாமன் முறையாகும் கனகராசு என்பவரைச் சொல்லி வைத்துவிட்டாள். அவர் குழந்தையை ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறார், அப்போது பையன் என்று நினைத்துக்கொண்டு பேசினார்.

வடிவு காலையும் மாலையும் இடுப்பில் குழந்தையும் கையில் கேனுமாகச் சுவருக்கு முன்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். "ஏலே, தம்பி!" என்றாள். வெங்காயம் உரிக்கிறவள் திரும்பவில்லை. பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்து ஒரு வாரம் கெஞ்சினாள், அந்தப் பேரையே நீட்டியும் குறுக்கியும் செல்லமாகவும் சொல்லிப் பார்த்தாள். ஒரு நாள் மெஸ்ஸின் உள்ளேயிருந்து ராஜாத்தியம்மா, "செண்பகம், அந்த மொளகாய்ப் பொடி டப்பா எங்கடி?" என்று கத்தினாள், பச்சைச் சேலைக்காரி சட்டென்று திரும்பி, "ஜன்னல்ல இருக்கும்மா" என்றாள்.

அட மூதேவி, அவ பேரு தெரியாமலா இத்தனை நாளும் யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம் என்று வடிவு தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். பிறகு குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி, சின்ன வயதில் தெருக்கோடியிலிருந்து தோழிகளைக் கூப்பிடுகிற குரலை எடுத்து, "ஏட்டி செண்பகம்!" என்றாள்.

அவள் திரும்பினாள். சுவருக்குள் இருந்து நேராகப் பார்த்தாள். வடிவின் கையிலிருந்து கேன் விழுந்து, பாதிப் பால் கொட்டிப்போனது. பால்துரை அண்ணாச்சி நல்ல மனுஷன், பார்க்காததுபோலக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அக்கா," என்றாள் செண்பகம். "குண்டாயிட்ட."

"பிள்ளை பெத்தவ குண்டாகாம? நீ மட்டும் என்ன, எலும்புந்தோலுமா இருக்கே. சோறு போடுற எடத்துல இருந்துக்கிட்டு."

"இது உன் மகளா? மூக்கு உனக்கு. பாவம்."

"அடி செருப்பால."

இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதார்கள், வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அம்மா எப்படி இருக்கா என்று செண்பகம் கேட்டாள். நல்லா இருக்கா, அன்னைக்கு உன்னப் பார்த்தா, அதுல இருந்து பால் ஊத்த என்னைத்தான் அனுப்புதா என்றாள் வடிவு. செண்பகம் வெங்காயத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். வடிவு காதுகுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"வருவேன்க்கா. ஆனா தாய்மாமன்னு கோவில் மைக்கில கூப்பிட்டா உக்கார மாட்டேன். நான் அவளுக்குச் சித்தி. சித்தின்னா வருதேன்."

"சித்திதான். பின்ன யாரு?" என்று வடிவு சொல்லிவிட்டாள். சொல்வதற்கு லேசாகத்தான் இருந்தது.

வீட்டில் ஆவுடையம்மாள் குதித்தாள். "மாமன் மடிக்குத்தான் முறை. சித்தி மடியில எந்த ஊர்லட்டி காது குத்துவாங்க? மாமன் மடி இல்லாமக் குத்தின ஓட்டை மூடிக்கிடும். ஒண்ணு அவ மாமனா வரட்டும், இல்லைன்னா கனகராசு உக்காரட்டும்."

அம்மா வீட்டில் கோமதி குதிக்கவெல்லாம் இல்லை. அரிசி புடைத்துக்கொண்டே, "வந்தா வரட்டும். நான் கோவிலுக்கு வரல," என்றாள்.

"என்னம்மா, பேத்தி காதுகுத்துக்கு வரமாட்டியா?"

"நான் என்னன்னு கூப்பிடுவேன் சொல்லு. பதினேழு வருஷம் மகன்னு வளத்துட்டேன். இப்ப எதிர்ல வந்து நின்னா வாயில என்ன வரும்? தப்பா வந்துட்டா, மறுபடியும் போயிரும்லா."

அதுதான் அவளுடைய பயம் என்று வடிவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குழந்தையை அம்மாவின் பக்கத்தில் இறக்கிவிட்டு, தானும் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள்.

உத்திரத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலைப் பால் நேரத்தில், மைலியின் தம்பி பெண்டாட்டி ஆவுடையம்மாளைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்ன மைனி, உங்க வீட்டு ஆளு இன்னும் வந்து சேரலியா? பஸ்ஸு கெடைக்கலியோ?" என்றாள். வரிசையில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். ஆவுடையம்மாளுக்கு ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் தலைக்கு ஏறியது.

"ஏன், எங்க சம்பந்தி மக இருக்காள்ளா!" என்று கையை நீட்டினாள். "அந்தா, பச்சைச் சேலை. உங்க ஆளுங்க மாதிரி பின்னால நின்னு எட்டிப் பாக்கல. மொத நாள்ல இருந்து முன்னாலயே உக்காந்திருக்கா, கண்ணு தெரியலையா ஒனக்கு?"

வரிசை முழுக்கத் திரும்பிச் சுவரைப் பார்த்தது. உண்மைதான். முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா, வடிவோட தங்கச்சில்லா," என்றார்கள். "காதுகுத்துக்கு வருவாளோ?"

"வராம? அவ மடியிலதான குத்துதோம்," என்றாள் ஆவுடையம்மாள். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது, ஆனால் நாற்பது கேனுக்கு முன்னால் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது?

"மாமன் மடிக்குல்லா முறை?" என்று மைலியின் தம்பி பெண்டாட்டி விடவில்லை.

ஆவுடையம்மாள் இடுப்பில் கைவைத்து ஒரு கணம் யோசித்தாள். "மாமன் மடி மாமன் மடிங்கியே, அதுல என்னத்தட்டி இருக்கு? பெத்தவ கூடப் பொறந்த மடி, அதனால மடி. கூடப் பொறந்த மடிதான் கணக்கு. அதுல மீசை இருக்கான்னா பாப்பாங்க?"

பால்துரை அண்ணாச்சி, கோவில் மைக்கில் அறிவிக்கிறவரும் அவர்தான், 'கூடப்பிறந்த மடி' என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கனகராசுக்குச் சங்கிலி போன் போட்டு, நீங்க சாப்பிட வந்தால் போதும் என்றான். நல்லதாப் போச்சு, எனக்கு முட்டிவலி என்றார் அவர்.

உத்திரத்தன்று காலையில் மெஸ் பூட்டியிருந்தது. சுவரில் ஒருவரும் இல்லை, தையல்கடையும் சாத்தியிருந்தது, கோயம்புத்தூர்க் கிழவர் உட்காருகிற திண்ணையில் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. எங்கேயோ கிளம்பிப் போயிருக்காங்க என்று ஊர்க்காரர்கள் பாலை ஊற்றிவிட்டுத் தாங்களும் கிளம்பினார்கள்.

செண்பகம் ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பச்சைச் சேலைதான். தாம்பாளத்தில் கவுன், வாழைப்பழம், கல்கண்டு, சிவப்புக் கல் வைத்த கம்மல் எல்லாம் ஒழுங்காக வைத்துக்கொண்டு வந்தாள். ஆவுடையம்மாள் பஸ் நிற்கிற இடத்துக்கே போய்த் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம், எங்க சம்பந்தி மக, மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கா என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கோமதியும் வந்திருந்தாள். வரமாட்டேன் என்றவள், பொங்கல் பானையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று ஒரு காரணம் பிடித்துக்கொண்டு வந்து, கோவிலுக்கு வெளியே புளியமரத்தடியில் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். செண்பகம் தூரத்திலிருந்து அந்த முதுகைப் பார்த்தாள். போகவா என்று அக்காவிடம் கண்ணாலே கேட்டாள். வடிவு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"கூடப்பிறந்த மடியில் குழந்தை நிவிதாவுக்குக் காது குத்தப்படுகிறது," என்று மைக்கில் பால்துரை அண்ணாச்சி சொன்னார். செண்பகம் பலகையில் உட்கார்ந்தாள். குழந்தை மடியில் ஒரு கணம் இருந்தது, ஆசாரியின் கம்பியைப் பார்த்தது, பிறகு வாளை மீனைப்போலத் துள்ளியது. வடிவு தலையைப் பிடித்தாள், நிற்கவில்லை. சங்கிலி பிடித்தான், அவனைக் கடித்தது. ஆவுடையம்மாள் பிடித்தாள், அவள் கண்ணாடி பறந்தது.

"தலைய அசையாமப் பிடிக்க ஆளு வேணும்," என்றார் ஆசாரி. "இல்லைன்னா கம்மல் கன்னத்துல போயிரும்."

வடிவு எழுந்து நின்று புளியமரத்தைப் பார்த்து, "எம்மா! இவ ஒனக்குத்தான் அடங்குவா. வா!" என்று கத்தினாள். இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே அவளுக்குத்தான் அடங்கும்.

கோமதி கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு அதைப் பானையின் மேல் வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் நடந்து வந்தாள். குழந்தையின் தலையைப் பிடிக்கவேண்டுமானால் எதிரில்தான் உட்காரவேண்டும். உட்கார்ந்தாள். இரண்டு பேரின் முழங்காலும் முட்டிக்கொண்டன. குழந்தை ஆச்சியின் கைபட்டதும் அடங்கியது. கோமதி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள், ஆனால் அவள் உள்ளங்கைகளுக்குக் கீழே குழந்தையும், குழந்தைக்குக் கீழே அந்த மடியும் நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

ஒரு காது. குழந்தை வீறிட்டது. மறு காது. கோவில் மணியும் சேர்ந்து அடித்தது.

"முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு," என்றாள் கோமதி. "அவ்வளவுதான் மக்கா. வலிச்சதெல்லாம் முடிஞ்சிட்டு. ஆச்சு, ஆச்சு, இனிமே ஒண்ணும் இல்லட்டி."

யாரோ வாயில் கல்கண்டு வைக்க, குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சப்ப ஆரம்பித்தது. கோமதி நிறுத்தவில்லை. முடிஞ்சிட்டு, ஒண்ணும் இல்லட்டி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அவள் கைகள் குழந்தையின் தலையை விட்டு எப்போதோ மேலே போய், செண்பகத்தின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டிருந்தன.

அடுத்த குழந்தையோடு வந்தவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஆசாரி துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கம்பியை மறுபடியும் மெதுவாகத் துடைத்தார்.

"அவசரம் இல்ல," என்றார். "அவங்க எந்திரிக்கட்டும்."